ஊரைச் சுற்றிக் கல் நடுகிறார்கள்: கிராம சபையா, ஆட்சேபணை மனுவா, நீதிமன்றமா?

கோவை, ஓசூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று நகரம் நெருங்கி வரும் எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் வாசகர்கள் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான். நேற்றுவரை சோளம் விளைந்த நிலத்தில் கல் நட்டு, நுழைவு வளைவு கட்டி, பிளாட் போட்டுவிட்டார்கள். அல்லது ஏரிக்கு வரும் ஓடையை மறித்துச் சாலை வரப்போகிறது என்று பேச்சு. கிராம சபையில் தீர்மானம் போடுவதா, திட்ட அதிகாரிகளுக்கு ஆட்சேபணை எழுதுவதா, நேரே நீதிமன்றத்துக்குப் போவதா? கையில் இருக்கும் பணமும் ஆட்களும் ஒன்றுக்கே சரியாக இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றிலும் சத்தம் குறைவானது ஆட்சேபணை மனு. பலன் அதிகமானதும் அதுதான். ஆனால் அதற்கான கதவு திறந்திருக்கும் காலம் மிகக் குறைவு. பெரும்பாலான ஊர்கள் அந்தக் கதவு மூடிய பிறகுதான் விழித்துக்கொள்கின்றன.

வளர்ச்சியே வேண்டாம் என்பவர்களுக்காக இதை எழுதவில்லை. நிலம் விற்பவரில் பலர் கடனுக்காகவும் மகளின் திருமணத்துக்காகவும் விற்கும் உள்ளூர் விவசாயிகள். வீடுகள் வரட்டும். அவை ஏரியின் நீர்வரத்தில் வர வேண்டாம், வடிகால் இல்லாமல் வர வேண்டாம், பொது இடத்தை விழுங்கிக்கொண்டு வர வேண்டாம் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, விவகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. வரைவாக இருக்கிறதா, அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறதா, அனுமதி கிடைத்துவிட்டதா, மண் கொட்டத் தொடங்கிவிட்டார்களா? ஒரு கட்டத்தில் வேலை செய்யும் வழி அடுத்த கட்டத்தில் வெறும் காகிதம்.

இரண்டாவது, நீங்கள் கொடுப்பதை வாங்குகிறவருக்கு அதைப் பரிசீலிக்கும் சட்டக் கடமை இருக்கிறதா என்பது. மூன்றாவது, கிடைக்கும் வெற்றி எத்தனை காலம் நிற்கும் என்பது. ஓராண்டுத் தடைக்கும் இருபதாண்டு நில வகைப்பாட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

நான்காவது, செலவு. வக்கீல் கட்டணமும் பயணச் செலவும் எல்லாருக்கும் தெரியும். ஊருக்குள் கொடுக்க வேண்டிய விலையை யாரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. நீங்கள் எதிர்க்கும் மனைப்பிரிவில் உங்கள் சித்தப்பாவின் நிலமும் இருக்கலாம்.

## எந்த வழியானாலும் முதலில் காகிதம்

கூட்டம் போடுவதற்கு முன்பு, சம்பந்தப்பட்ட புல எண்களின் அ-பதிவேடு (நிலத்தின் வகை சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் (அந்தப் புல எண்ணின் அளவை வரைபடம்) இரண்டையும் எடுங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். நிலம் நன்செய்யா, புன்செய்யா, வாய்க்கால் புறம்போக்கா, மேய்க்கால் புறம்போக்கா என்பது அதில் தெரிந்துவிடும். அனுமதி தொடர்பான ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பம் போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு.

இந்தக் காகிதம் கையில் இல்லாமல் எந்த வாசலுக்குப் போனாலும் கையை விரித்துவிடுவார்கள்.

## கிராம சபைத் தீர்மானம்

73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தந்த இடம் இது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பெண்கள் எழுந்து பேசிப் பதிவாகும் ஒரே அரசு அவை பல ஊர்களில் இதுதான். அந்தப் பெருமை இதற்கு உண்டு.

ஆனால் தீர்மானத்தின் பலத்தைப் பற்றி மிகையான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. ஒடிசாவின் நியமகிரியை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அந்த மலையில் பாக்ஸைட் சுரங்கம் வரலாமா என்ற முடிவை 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. அங்கே சபைக்குப் பல் கொடுத்தது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சமவெளியில் பட்டா நிலத்தில் போடப்படும் மனைப்பிரிவுக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 ஆகஸ்டு முதல் கிராம சபைகளில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். அத்தனைக்கும் பிறகு 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது.

அரிட்டாபட்டி வேறு கதை. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் மேலூர் வட்டாரத்துக் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பரில் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி மக்கள் பேரணியாகப் போனார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. தீர்மானம் அங்கே திரியாக இருந்தது. தீ பிடித்தது, அத்தனை ஊர்களும் மாநில அரசியலும் ஒரே பக்கம் நின்றதால். அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்ததும் கைகொடுத்தது. ஒற்றை ஊராட்சியில் ஒரு லே-அவுட்டுக்கு எதிராக அப்படிப்பட்ட காற்று வீசாது.

மறைந்திருக்கும் விலைகளைச் சொல்ல வேண்டும். குறைவெண் வரம்பு உண்டு: மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வர வேண்டும். அத்தனை பேரைத் திரட்டும்போதே விற்பவர், விற்காதவர் என்று ஊர் இரண்டாகிவிடும். நீங்கள் பேசியது ஒன்று, தீர்மானப் புத்தகத்தில் ஏறியது வேறொன்று என்று ஆவதும் உண்டு. ஆகவே தீர்மான வாசகத்தை முன்பே எழுதிக் கொண்டுபோங்கள். அதைச் சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலர்) கிளம்பும் முன் புத்தகத்தில் எழுதப்பட்டதைச் சரிபாருங்கள். நகல் கேட்டு அன்றைக்கே மனுக் கொடுங்கள். "மனைப்பிரிவை எதிர்க்கிறோம்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தால் பயனில்லை. புல எண்ணும் காரணமும் கோரிக்கையும் உள்ள தீர்மானம் பிறகு நீதிமன்றத்தில் இணைப்பு ஆவணமாக நிற்கும். இன்னொன்று: ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் மாவட்ட ஆட்சியருக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது.

மேய்க்கால், களம், சுடுகாட்டுப் பாதை, ஊருணி போன்ற ஊர்ப் பொதுச் சொத்து பற்றிய விவகாரமாக இருந்தால் கிராம சபைதான் முதல் வாசல். அங்கே ஊர் ஒன்றாக நிற்கும். தனியார் பட்டா நிலம் என்றால் தீர்மானத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

## முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபணை

செய்தித்தாள்கள் மாஸ்டர் பிளான் என்று எழுதும் முழுமைத் திட்டம்தான் ஒரு வட்டாரத்தில் எது வயல், எது வீடு, எது தொழிற்சாலை என்று வண்ணம் பூசுகிறது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு வெளியானதும் பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் தரக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். வந்தவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதி செய்ய வேண்டும். பரிசீலிக்கும் கடமை சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதுதான் இந்த வழியின் உயிர்.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடப்பில் இருந்த திட்டம் 1994-இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த திட்டத்தின் வரைவு 2024 பிப்ரவரியில்தான் வந்தது. 2025 ஜூலையில் இறுதி வடிவம் வெளியானது. 2041 வரைக்கான திட்டம் அது. அதாவது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்த கதவு, இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் மனுக் கொடுத்தவர் ஒரு தலைமுறைக்கான வரைபடத்தோடு பேசினார். கொடுக்காதவர் இனி பிளாட் பிளாட்டாகச் சண்டை போட வேண்டும்.

இப்போது பார்க்க வேண்டிய இடம் சென்னையைச் சுற்றிய பகுதி. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022 அக்டோபரில் அரசு ஆணையிட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிப்பாசன ஊர்களும் அரக்கோணம் பக்கமும் அதில் வருகின்றன. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. மூன்றாவதற்கான வரைவு அறிவிப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனிக்க வேண்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான்.

நல்ல மனுவுக்கும் வீணான மனுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கிட்டத்தில் காட்டுகிறேன். வீணானது இப்படி இருக்கும்: "எங்கள் கிராமத்தின் விவசாயத்தையும் பசுமையையும் காக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." இதைப் பரிசீலித்ததாகக் குறித்துவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விடலாம். உருப்படியானது இப்படி இருக்கும்: "வரைவு வரைபடத்தில் புல எண் 112/3, 112/4, 113 ஆகியவை குடியிருப்புப் பகுதியாக மஞ்சள் வண்ணத்தில் உள்ளன. அ-பதிவேட்டின்படி 113 வாய்க்கால் புறம்போக்கு. பெரிய ஏரியின் கலிங்கிலிருந்து சிற்றேரிக்கு உபரிநீர் போகும் ஒரே வழி அது. மற்ற இரண்டும் நன்செய். ஆகவே 113-ஐ நீர்நிலையாகவும், மற்ற இரண்டையும் விவசாயப் பகுதியாகவும் திருத்தக் கோருகிறோம். புலப்பட நகல், அ-பதிவேட்டு நகல், மழைக்காலப் புகைப்படங்கள் இணைப்பு." இரண்டாவதை நிராகரிக்க வேண்டுமானால் அதிகாரி காரணம் தேட வேண்டும். எண்கள் என் கற்பனை, வடிவம் மட்டும் உங்களுக்கு.

குடியிருப்பு எங்கே வரலாம் என்றும் அதே மனுவில் எழுதுங்கள். நத்தத்தை ஒட்டிய மேட்டு நிலம், பஸ் போகும் சாலையோரப் புன்செய் என்று இடம் காட்டினால், வெறும் எதிர்ப்பாளர் என்று உங்களை ஒதுக்க முடியாது. விற்க நினைக்கும் உறவுக்காரரும் உங்கள் பக்கம் வர வாய்ப்புண்டு. இந்த வழியில் ஊர்ப்பகை குறைவு என்பதற்கு அதுவே காரணம்.

இதற்கும் மறைவான விலை உண்டு. வரைபடத்தின் அளவில் உங்கள் ஓடை முடி பருமன் கோடாகக்கூடத் தெரியாது. புல எண்களைப் பொருத்திப் பார்க்க நில அளவை தெரிந்த ஒருவர் வேண்டும். ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், திட்டம் இறுதியான பிறகும் தனித்தனி நில உரிமையாளர் வகைப்பாட்டு மாற்றம் கேட்கலாம் என்பது. அந்த அறிவிப்பு நாளிதழில் சிறிய எழுத்தில் வரும். வரைவு நேரத்தில் வென்ற ஊர், பிறகு அந்த மூலை விளம்பரங்களைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் ஒருவருக்கு அதை வேலையாகக் கொடுத்துவிடுங்கள்.

முழுமைத் திட்டமே இல்லாத பகுதி என்றால், 2017-ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகள் பொருந்தும். நன்செய்யை மாற்ற ஆட்சியரின் இசைவு வேண்டும். அப்போது ஆட்சேபணை போக வேண்டிய மேசை ஆட்சியருடையது. டெல்டாவில் இருப்பவர்கள் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட வேண்டாம். அது தடுப்பது ஹைட்ரோகார்பன் போன்ற பட்டியலிட்ட தொழில்களைத்தான், வீட்டுமனைகளை அல்ல.

## நீதிமன்றமும் பசுமைத் தீர்ப்பாயமும்

மண் லாரி ஏரிக்குள் இறங்கிவிட்டால் மனுவும் தீர்மானமும் உதவாது. இடைக்காலத் தடை ஒன்றே உதவும். அந்த வேகம் வேறெந்த வழியிலும் இல்லை.

எங்கே போவது என்பதில்தான் தவறு நடக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் நீர், காற்று, காடு, சுற்றுச்சூழல், பல்லுயிர் தொடர்பான குறிப்பிட்ட சட்டங்களின் கீழ் எழும் பிரச்சினைகளை மட்டுமே அது விசாரிக்கும். நகர் ஊரமைப்புச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி கட்டடத்துக்கு 20,000 சதுர மீட்டர், நகரியத்துக்கு 50 ஹெக்டேர் என்ற அளவிலிருந்துதான் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. பத்து ஏக்கர் லே-அவுட் அதற்குள் வராது. ஏரி, ஓடை, கழிவுநீர் என்றால் தீர்ப்பாயம். திட்ட அனுமதியே விதிமீறல் என்றால் உயர் நீதிமன்றம். தீர்ப்பாயத்தில் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதக் கெடு, தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் அடிப்படைக் கெடு 30 நாள்தான். பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்தே இந்தக் கெடுவைக் கடத்திவிடுவார்கள்.

நீதிமன்றத்தின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுவது 2016-இன் உத்தரவு. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்றது. மாநிலம் முழுவதும் பத்திரப் பதிவு முடங்கியது. ஒரு பொதுநல வழக்கு அதைச் செய்தது. 2017 மே மாதத்தில் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 வரையில் பதிவான மனைகள் கட்டணம் செலுத்தி முறைப்படும் வழி திறந்தது. அதற்குப் பிறகு அங்கீகாரமில்லாமல் மனை விற்பது கடினமாகிவிட்டது உண்மை. அதற்கு முன் வயல்களில் விழுந்த கற்கள் அப்படியே நிலைத்துவிட்டன என்பதும் உண்மை.

பொது நிலம் பற்றிய வழக்கில் உங்கள் கை ஓங்கியிருக்கும். ஊர்ப் பொது நிலத்தின் ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் கூடாது என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் துணை நிற்கிறது. தனியார் நிலத்தில் சரியான அனுமதியோடு வரும் மனைப்பிரிவுக்கு எதிராக, ஊரின் அமைதி கெடும் என்பதை வைத்து மட்டும் வெல்ல முடியாது.

இந்த வழியின் மறைவான விலை மனுதாரரின் தலையில் விழும். வழக்கில் ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர்க்காரர் ஊரில் தினமும் கடைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் பெயரில் போடாமல் பாசன சங்கத்தின் பெயரிலோ, பல தெருக்காரர்கள் சேர்ந்தோ போடுவது நல்லது. சொந்த நிலத் தகராறு உள்ளவர் பொதுநல மனுதாரராக நின்றால் வழக்கு தள்ளுபடியாகலாம், செலவுத்தொகையும் விதிக்கப்படலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

## சாலை மறியல்

இதைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. மேலே சொன்ன மூன்றில் ஒன்றை வேகப்படுத்தத்தான் அது உதவும். காவல்துறை வழக்கில் பெயர் ஏறினால் கடவுச்சீட்டுக்கும் அரசு வேலைக்கும் நடக்கும் விசாரணையில் இளைஞர்கள் படும் பாடு ஊருக்கே தெரியும். அனுமதி பெற்று ஆட்சியர் அலுவலகத்தின் முன் உட்காருங்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | கிராம சபை | ஆட்சேபணை மனு | நீதிமன்றம் / தீர்ப்பாயம் |
|---|---|---|---|
| ஏற்ற கட்டம் | எப்போதும். பொதுச் சொத்துக்கு முதலில் | வரைவு வெளியான இரண்டு மாதம். வகைமாற்ற அறிவிப்பு | அனுமதிக்குப் பின். வேலை தொடங்கியதும் |
| பரிசீலிக்கும் கடமை | தனியார் நிலத்தில் பலவீனம் | சட்டப்படி உண்டு | முழுமையாக உண்டு |
| பலன் நிற்கும் காலம் | அரசியல் காற்றைப் பொறுத்து | திட்டக் காலம் முழுவதும், காவல் இருந்தால் | தீர்ப்பு வரை உறுதி; பிறகு வரன்முறை அபாயம் |
| மறைவான விலை | ஊர்ப் பிளவு | நில அளவை அறிவு, இடைவிடாத கவனம் | மனுதாரர் மீதான நெருக்கடி |

## அனுமதி கிடைத்துவிட்ட மனைப்பிரிவு

அனுமதி சட்டப்படி வந்துவிட்டது, தடுக்க வழியில்லை என்றால் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஊருக்குச் சேர வேண்டியது கைநழுவிப் போகிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தர வேண்டும். சாலைகளையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலை வாங்குங்கள். ஒதுக்கீட்டு இடம் எந்த மூலையில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். பூங்கா என்று வரைபடத்தில் இருப்பது சில ஆண்டுகளில் இரண்டு மனைகளாக விற்கப்பட்டுவிடும். வேலி போட்டு, ஊராட்சியின் பெயர்ப் பலகை வைத்து, சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். இந்தத் தீர்மானத்தை எதிர்க்க ஊரில் ஆள் இருக்க மாட்டார்.

## நகராட்சியோடு இணைக்கப்போகும் ஊராட்சிகள்

2024 டிசம்பர் இறுதியில் பல ஊராட்சிகளை மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கும் நடவடிக்கையை அரசு தொடங்கியபோது, நூறு நாள் வேலை போகும், சொத்து வரி ஏறும் என்றே ஊர்கள் எதிர்த்தன. நியாயமான கவலைதான். ஆனால் இணைந்த மறுநாள் கிராம சபையும் போய்விடும் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதன் இடத்தில் நகரத்தின் பகுதி சபை வரும். உங்கள் ஊர் அதில் ஒரு வார்டின் துண்டாக இருக்கும். ஆகவே இணைப்புப் பேச்சு அடிபடும் ஊருக்கு என் யோசனை வரிசை மாறும். இணைப்புக்கான ஆட்சேபணையைக் கெடுவுக்குள் கொடுங்கள். அதே சமயம், இருக்கும் கிராம சபைகளில் ஏரி, வரத்துக்கால்வாய், மேய்க்கால், களம் ஒவ்வொன்றையும் புல எண்ணோடும் பரப்போடும் தீர்மானமாக ஏற்றிவிடுங்கள். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய்த் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் கிராம சபை கூடத்தான் வேண்டும். அந்தத் தீர்மான நகல்களை ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் விட்டுவைக்காமல், பாசன சங்கத்திடமும் கோயில் கமிட்டியிடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஒவ்வொரு படி கொடுத்துவையுங்கள்.